ஸ்பீக்கர் பழுதில்லை

முதல் பாட்டுத் தொடங்கி ஒரு நிமிசம்கூட ஆகியிருக்காது. "மச்சான், ஸ்பீக்கர் கிழிஞ்சிட்டுதடா" என்று எங்களில் ஒருவன் எழும்பினான். வயரைக் கழற்றித் திரும்பச் செருகினான். சத்தத்தைக் குறைத்தான், கூட்டினான். கரகரப்பு அப்படியே இருந்தது. தகரக் கூரையில் ஆரோ சங்கிலியை இழுத்துக்கொண்டு திரிகிற மாதிரி ஒரு கிற்றார். அதுக்கு நடுவில், ஒரு அவசரமும் இல்லாமல், வயதான மனிசர் ஒருவர் பாடிக்கொண்டிருந்தார்.

மூலையில் இருந்த அக்கா சிரித்தா. "ஸ்பீக்கர் பழுதில்லை. அது அப்பிடித்தான். இருந்து கேளுங்கோ."

திருநெல்வேலியில் ஒரு வீட்டு மேல்மாடி அது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நாங்கள் கூடுகிற இடம். புத்தகம் வாசிப்போம், படம் பார்ப்போம், சில நாட்களில் பாட்டு. பிறகு ஆராவது ஒருவர் எழுதுவார், மற்றவர்கள் திருத்துவோம். அன்றைக்குப் போட்டது மடி வோட்டர்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பாடகரின் 'இலெக்ட்ரிக் மட்'. 1968இல் வந்த அல்பம். எட்டுப் பாட்டு, எல்லாம் சேர்த்து நாற்பது நிமிசத்துக்கும் குறைவு.

அக்கா இந்த அல்பத்தைச் சும்மா கொண்டுவரவில்லை. காரணம் இருந்தது. அதைச் சொல்ல எங்களுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, என்றாலும் சொல்லத்தான் வேணும்.

போன வருசம் ஒரு தம்பி நாலு பாட்டுச் செய்து இணையத்தில் போட்டிருந்தான். கூத்து மெட்டு, மத்தளம், அவனுடைய அம்மப்பாவின் குரல். அம்மப்பா ஒரு அண்ணாவியார். அதோடு நல்லாய்க் கரகரக்கிற இலெக்ட்ரிக் கிற்றார். நாங்கள் அதற்கு விமர்சனம் எழுதினோம். "கூத்தின் ஆன்மாவை இரைச்சல் விழுங்கிவிட்டது" என்று அதில் ஒரு வரி. அந்த வரி எங்களுக்கு நல்லாய்ப் பிடித்திருந்தது. பத்துப் பேர் அதை எடுத்துப் பகிர்ந்தார்கள், அதுவும் பிடித்திருந்தது. இரண்டு நாள் கழித்துத் தம்பியிடமிருந்து ஒரேயொரு செய்தி வந்தது: "அண்ணாக்கள், நாலாவது பாட்டைக் கேட்டனீங்களோ?"

கேட்கவில்லை. எங்களில் அநேகமானோர் இரண்டாவது பாட்டோடு நிறுத்தியிருந்தோம். அதனால் பதிலும் போடவில்லை. அவனும் அதன்பிறகு புதுசாய் ஒன்றும் போடவில்லை.

அக்கா அதை மறக்கவில்லை. அன்றைக்கு அவ வைத்த சட்டம் இதுதான்: "முதல் எட்டுப் பாட்டையும் கேளுங்கோ. அதுக்குப் பிறகுதான் இதைப் பற்றி என்ன எழுதினவை எண்டு நான் சொல்லுவன்."

கேட்டோம். முதல் பாட்டின் நடுவில் கிற்றார் ஒரு கட்டத்தில் பாட்டை விட்டே வெளியே போய்விடுகிறது. வெறும் ஊளை. இனித் திரும்பி வராது என்று நினைக்கும்போது மேளமும் குரலும் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகின்றன. 'ஷீஸ் ஓல் ரைட்' பாட்டு முடியிற நேரத்தில், சம்பந்தமே இல்லாமல், 'மை கேர்ள்' என்ற பிரபலமான சோல் பாட்டின் மெட்டு உள்ளே நுழைகிறது. கோவமாய்க் கத்திக்கொண்டிருந்த ஒரு ஆள் திடீரென்று புன்னகைக்கிற மாதிரி. கடைசிப் பாட்டு 'த சேம் திங்' மெதுவானது, கனமானது. அது முடிந்தபிறகு கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை.

எல்லாம் பிடித்தது என்று சொல்ல மாட்டோம். ரோலிங் ஸ்டோன்ஸின் 'லெட்ஸ் ஸ்பென்ட் த நைட் டுகெதர்' பாட்டை மடி வோட்டர்ஸ் பாடுகிற இடம் எங்களில் பாதிப் பேருக்கு ஒட்டவில்லை. கிறீம் என்ற பிரித்தானிய ரொக் குழுவின் கிற்றார் வரி ஒன்றை அப்படியே எடுத்து ஒட்டின மாதிரி அது தொடங்குகிறது. ஆனால் மொத்தத்தில் எங்களுக்குப் பிடித்திருந்தது. ஒருவன் அப்போதே "நான் இதைப் பற்றி எழுதிறன்" என்றான்.

"சரி" என்றா அக்கா. "இப்ப கேளுங்கோ. வந்த நேரத்தில இதை அடிச்சுத் துவைச்சவை."

*

விமர்சகர்கள் ஏன் அடித்தார்கள் என்று விளங்க, மடி வோட்டர்ஸ் ஆர் என்று தெரிய வேணும்.

அவருடைய சொந்தப் பெயர் மக்கின்லி மோர்கன்ஃபீல்ட். மிசிசிப்பி மாநிலத்தில், பருத்தித் தோட்டங்களுக்கு நடுவில் வளர்ந்தவர். தோட்ட வேலை செய்துகொண்டே பாடியவர். 1941இல் அலன் லோமக்ஸும் ஜோன் வேர்க்கும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக நாட்டார் பாடல்களைப் பதிவுசெய்ய வந்தபோது அவருடைய குரலையும் பதிந்தார்கள். 1943இல் ஊரை விட்டுச் சிக்காகோ போனார். தெற்கிலிருந்து இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கு நகரங்களுக்குப் போன காலம். சிக்காகோவின் குடிக்கடைகளில் இருந்த சத்தத்துக்குள் சாதாரண மரக் கிற்றார் ஒருவருக்கும் கேட்காது. அதனால்தான் இலெக்ட்ரிக் கிற்றாரைக் கையிலெடுத்தார். சிக்காகோ புளூஸ் என்று இன்றைக்கு நாங்கள் சொல்கிற அந்த ஒலி, சனத்துக்குக் கேட்க வேணும் என்ற தேவையிலிருந்து பிறந்தது.

1954இல் 'ஹூச்சி கூச்சி மான்', 1955இல் 'மானிஷ் போய்'. இவையெல்லாம் செஸ் என்ற சிக்காகோ இசைத்தட்டுக் கொம்பனியில் வந்தவை. கடல் தாண்டி இங்கிலாந்தில் இந்தத் தட்டுகளைத் தேடித் தேடிக் கேட்ட பெடியள், அவருடைய 1950ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றின் பெயரையே தங்கள் குழுவுக்கு வைத்தார்கள். அவர்கள்தான் ரோலிங் ஸ்டோன்ஸ்.

1968 வரும்போது நிலைமை மாறியிருந்தது. கறுப்பின இளையவர்கள் சோல் இசைப் பக்கம் போய்விட்டார்கள். வெள்ளையின இளையவர்கள், மடியிடம் பழகிய ரொக் குழுக்களைப் பார்க்க மண்டபங்களை நிரப்பினார்கள். நடுவில் மடி நின்றார், ஐம்பது வயதைத் தாண்டியவராக. அப்போது கொம்பனி முதலாளி லெனார்ட் செஸ்ஸின் மகன் மார்ஷல் செஸ், 'கடெட் கொன்செப்ட்' என்று ஒரு புதுக் கிளையை நடத்திக்கொண்டிருந்தான். மடியின் பழைய பாட்டுகளைப் புது இளைஞர்களின் காதுக்கு ஏற்ற ஒலியில் திரும்பச் செய்வோம், மடிக்கும் நாலு காசு வரும் என்பது அவன் யோசனை. 1968 மே மாதம் சிக்காகோவில் பதிவு. ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு, அதே நகரத்தின் மேற்குப் பக்கம் எரிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

ஒக்டோபரில் அல்பம் வந்தது. வெறும் வெள்ளை அட்டை, கறுப்பு எழுத்து. தொடக்கத்தில் நல்லாய் விற்றது. பில்போர்ட் பட்டியலில் 127ஆவது இடம் வரை போனது. இன்றைக்கு அது சின்ன இலக்கமாகத் தெரியலாம், ஆனால் ஒரு புளூஸ் பாடகருக்கு அது பெரிய விசயம்.

பிறகு விமர்சனங்கள் வந்தன. 'ரோலிங் ஸ்டோன்' சஞ்சிகையில் பீட் வெல்டிங் கடுமையாக எழுதினார். ஒன்றும் தெரியாத ஆள் இல்லை அவர். வயதான புளூஸ் பாடகர்களைத் தேடிப்போய்ப் பதிவுசெய்து, அதுக்கென்றே ஒரு சின்ன இசைத்தட்டு நிறுவனம் நடத்தியவர். அந்த இசையில் உண்மையான பிரியம் உள்ளவர். அந்தப் பிரியத்தால்தான் அவ்வளவு கோவம். ஒரு பெரிய கலைஞரைச் சந்தைக்காக வேசம் போட வைத்துவிட்டார்கள் என்பதுதான் அவரும் மற்ற புளூஸ் விமர்சகர்களும் வைத்த குற்றச்சாட்டின் சாரம். பல வருசங்களுக்கு 'இலெக்ட்ரிக் மட்' என்றால் புளூஸ் வரலாற்றின் அவமானம் என்ற மாதிரித்தான் கதைத்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1967இல் தொடங்கிய அந்தச் சஞ்சிகையின் பெயருக்கும் வேர் மடியின் அதே 1950ஆம் ஆண்டுப் பாட்டுத்தான். முதல் இதழிலேயே அதைச் சொல்லியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் கேட்டதும் "நான் எழுதிறன்" என்றவன் அமைதியானான். "அப்ப எங்களுக்குத்தான் விளங்கேல்லயோ?" என்றான். கவனியுங்கள், பத்து நிமிசத்துக்கு முன் பிடித்திருந்த பாட்டு. அதில் ஒரு சுரம் கூட மாறவில்லை. பெரிய ஆட்கள் பிழை என்று சொல்லிவிட்டார்கள் என்று தெரிந்ததும் எங்கள் காது வளையத் தொடங்கிவிட்டது. அந்தத் தம்பியின் பாட்டுகளைக் கேட்ட எத்தனை பேரின் காதை எங்கட ஒரு வரி வளைத்திருக்கும் என்று அந்த நேரம்தான் யோசித்தோம்.

*

அதுக்குப் பிறகு நாங்கள் தேடித் தேடி வாசித்தோம். எங்களை உலுக்கிய முதல் விசயம், இந்தக் குற்றச்சாட்டு மடிக்குப் புதுசில்லை என்பது.

1958இல் மடி முதன்முதலாக இங்கிலாந்து போனார். அங்கத்தைய ரசிகர்களுக்கு அதுவரை தெரிந்த புளூஸ், பிக் பில் புரூன்சி போன்றவர்கள் தனியே ஒரு மரக் கிற்றாரோடு இருந்து பாடுகிறது. புரூன்சி சிக்காகோவில் முழுக் குழுவோடு வாசித்தவர்தான். ஆனால் ஐரோப்பிய மேடைகளில் தோட்டத்திலிருந்து நேரே வந்த நாட்டார் பாடகர் மாதிரி நின்றார், சனம் அதைத்தான் கேட்டது. அந்தச் சனத்துக்கு முன்னால் மடி இலெக்ட்ரிக் கிற்றாரோடு போய்ச் சத்தத்தைக் கூட்டி வாசித்தார். கிற்றார் அலறுகிறது, பியானோ ஊளையிடுகிறது என்று பத்திரிகை எழுதியது. இது அசல் புளூஸ் இல்லையாம்.

மடி பாடம் படித்துக்கொண்டார். 1963இல் திரும்பப் போனபோது மரக் கிற்றாரோடு போனார். அதற்குள் அங்கத்தைய பெடியள் மாறிவிட்டார்கள். அவர்களுக்கு இப்போது வேண்டியிருந்தது அந்த அலறுகிற கிற்றார். மனிசர் என்னதான் செய்கிறது?

அதாவது, 1958இல் எது 'அசல் இல்லை' என்று ஒதுக்கப்பட்டதோ அதுவே 1968இல் 'அசல்' ஆகிவிட்டது. அதைக் காப்பாற்றத்தான் 'இலெக்ட்ரிக் மட்'டை அடித்தார்கள். அசல் என்பது ஒரு இடத்தில் நிற்கிற சாமான் இல்லை. அநேகமான நேரம், ஆர் கேட்கிறாரோ அவர் முதல்முதலாகக் காதலித்த ஒலிதான் அவருக்கு அசல்.

நாங்கள் எங்களையே கேட்டோம். கூத்தை எத்தனை பேர் விடிய விடிய இருந்து பார்த்திருக்கிறோம்? ஒருவரும் இல்லை. பள்ளிக்கூட மேடையில் அரை மணித்தியாலம், பல்கலைக்கழக விழாவில் ஒரு மணித்தியாலம், மிச்சம் காணொளி. அதுதான் எங்கட 'கூத்தின் ஆன்மா'.

இரண்டாவது விசயம், 'இலெக்ட்ரிக் மட்'டில் ஆர் வாசித்தார்கள் என்பது. வெள்ளையின ஹிப்பிகளுக்காகச் செய்த சத்தம் என்ற பேச்சைக் கேட்டால், அதை வாசித்ததும் அவர்கள்தான் என்று நினைப்போம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். இல்லை. மார்ஷல் செஸ் வெள்ளையினத்தவன்தான். ஆனால் இசையை ஒழுங்கமைத்த சார்ள்ஸ் ஸ்டெப்னி, சக்சபோன்காரர் ஜீன் பார்ஜ், கிற்றார் வாசித்த பீட் கோஸி, ஃபில் அப்சேர்ச், பேஸ் வாசித்த லூயிஸ் சாட்டர்ஃபீல்ட், மேளம் அடித்த மொரிஸ் ஜெனிங்ஸ் எல்லோரும் சிக்காகோவின் கறுப்பினக் கலைஞர்கள். சாதாரண ஆட்களும் இல்லை. ஸ்டெப்னி பிறகு 'ஏர்த், விண்ட் அன்ட் ஃபயர்' குழுவோடு வேலை செய்தவர். கோஸி சிக்காகோவின் பரிசோதனை ஜாஸ் வட்டத்தில் இருந்தவர், எழுபதுகளில் மைல்ஸ் டேவிஸோடு வாசித்தவர்.

அப்படியென்றால் அந்தக் கரகரப்பு ஆருடைய குரல்? மடியின் தலைமுறைக்கு அடுத்த தலைமுறைக் கறுப்பின இளைஞர்களின் குரலும் அதில் இருக்கிறது. அப்பாமாரின் பாட்டை அவர்கள் தங்கள் காலத்து ஒலியில் வாசித்துப் பார்த்தார்கள். விமர்சகர்கள் கொம்பனியின் வியாபாரத்தைக் கண்டார்கள், அது உண்மையும்தான். அந்த வாசிப்பில் இருந்த கைகளைத்தான் காணவில்லை.

இந்த இடத்தில் எங்களுக்கு உசார் வந்துவிட்டது. கட்டுரை எழுதி முடிந்த மாதிரி. தலைப்புக்கூட யோசித்துவிட்டோம். விமர்சகர்கள் பிழை, அல்பம் சரி, காலம் தீர்ப்பு எழுதிவிட்டது. அதுக்குச் சாட்சியும் இருக்கிறது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மேடை ஏற முன் இந்த அல்பத்தின் ஒரு பாட்டைக் கேட்பாராம் என்று கோஸி சொல்லியிருக்கிறார். 'பப்ளிக் எனிமி' என்ற ஹிப் ஹொப் குழுவின் சக் டி, புளூஸுக்குள் தான் நுழைந்த வாசலே இந்த அல்பம்தான் என்கிறார். மார்ட்டின் ஸ்கோர்செஸி தொகுத்த புளூஸ் ஆவணப்படத் தொடரில், 2003இல், மார்க் லெவின் இயக்கிய 'கோட்ஃபாதர்ஸ் அன்ட் சன்ஸ்' படத்தில் சக் டியும் மார்ஷல் செஸ்ஸும் அந்தப் பழைய வாசிப்பாளர்களைத் தேடிக் கூட்டிவந்து, கொமன் போன்ற ராப் பாடகர்களோடு சேர்த்துத் திரும்ப வாசிக்க வைக்கிறார்கள். நரைத்த தலையோடு கோஸி கிற்றாரை எடுக்கிற அந்த இடம் பார்க்க வேண்டியது.

ஆனால் அக்கா விடவில்லை. "மடியிட்ட ஆராவது கேட்டவையோ?"

*

மடிக்குப் பிடிக்கவில்லை.

இதை அவர் ஒளித்ததும் இல்லை. பிற்காலத்தில் பல தடவை கெட்ட வார்த்தையே சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அவருடைய குறை விமர்சகர்களுடையது மாதிரி 'ஆன்மா' பற்றியது இல்லை. ஒரு தொழிலாளியின் குறை. இந்தப் பாட்டுகளைத் தன்னுடைய குழுவோடு மேடையில் வாசிக்க ஏலாது, வாசிக்க ஏலாத தட்டு எனக்கு என்னத்துக்கு என்று கேட்டார். அல்பத்தில் அவர் கிற்றார் வாசிக்கவே இல்லை, குரல் மட்டும்தான். முதலில் நல்லாய் விற்றது, பிறகு இது மடி வோட்டர்ஸே இல்லை என்று சனம் திருப்பி அனுப்பத் தொடங்கியது என்றும் சொன்னார். அத்தனை கருவியும் கருவிக்குள் கருவியும் இருந்தால்தான் கிற்றார் கதைக்கும் என்றால், உனக்குப் புளூஸ் வாசிக்கத் தெரியாது என்பது அவருடைய கட்சி.

அதே கொம்பனி, அதே வாசிப்பாளர்களோடு ஹவ்லின் வுல்ஃப் என்ற இன்னொரு பெரிய புளூஸ் பாடகரையும் கூட்டிவந்து 1969இல் அல்பம் போட்டது. வுல்ஃப் சும்மா இருக்கிற ஆள் இல்லை. பதிவு நடக்கிற இடத்திலேயே, கோஸியின் பெரிய சுருட்டைத் தலைமுடியையும் அவருடைய கருவிகளையும் பார்த்து, இதையெல்லாம் கொண்டுபோய் ஏரிக்குள் எறி, போகிற வழியில் சலூனுக்கும் போயிட்டுப் போ என்ற மாதிரிச் சொன்னாராம். இந்தக் கதையைச் சொன்னது கோஸியேதான், சிரித்துச் சிரித்து. கொம்பனி என்ன செய்தது தெரியுமா? இது வுல்ஃபின் புது அல்பம், இது அவருக்குப் பிடிக்கவில்லை என்று அட்டையிலேயே பெரிய எழுத்தில் அச்சடித்தது. ஒரு மனிசனின் மறுப்பையே விளம்பரமாக்கி விற்றார்கள். எங்களுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

இப்போது என்ன செய்வது? 'காலம் தீர்ப்பு எழுதிவிட்டது' என்ற எங்கட தலைப்பை அழித்தோம். சக் டிக்குப் பிடித்தது என்பதால் மடியின் 'இல்லை' பிழையாகிவிடாது. மடிக்குப் பிடிக்கவில்லை என்பதால் எங்கள் நாற்பது நிமிசம் பொய்யாகிவிடாது. வெல்டிங்கும் முழுக்கப் பிழையில்லை. வியாபாரம் ஒரு கலைஞரை எங்கேயோ தள்ளுகிறது என்று அவருக்குப் பட்டது, அந்தக் கலைஞருக்கும் பிறகு அப்படித்தான் பட்டது. இவ்வளவையும் ஒன்றாய் வைத்துக்கொண்டுதான் அந்த அல்பத்தைக் கேட்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அடுத்த வருசமே, 1969இல், மடி அதே ஆட்கள் பலரோடு 'ஆஃப்டர் த ரெய்ன்' என்று இன்னொரு அல்பம் செய்தார். இந்த முறை கிற்றாரைத் தானே எடுத்தார். பியானோவுக்குத் தன்னுடைய பழைய தோழர் ஒட்டிஸ் ஸ்பானையும் கூட்டிவந்தார். பிடிக்காத இடத்துக்குத் திரும்பப் போய், கதிரையைத் தன் வசதிக்கு இழுத்துப் போட்டு இருந்த மாதிரி. அதை வாசித்தபிறகு 'இலெக்ட்ரிக் மட்'டை இன்னொருக்காய்ப் போட்டோம். மடி அதில் வேண்டாவெறுப்பாகப் பாடவில்லை. ஒரு இடத்திலும் இல்லை. எவ்வளவு இரைச்சல் வந்தாலும் அந்தக் குரல் நடுவில் அசையாமல் நிற்கிறது. பிடிக்காத பாட்டையும் முழுத் தொண்டையால் பாடுவது என்றால் என்ன? கூலிக்குப் பாடுவதா, மரியாதைக்குப் பாடுவதா, இல்லாவிட்டால் இளையவர்கள் கேட்டார்கள் என்பதற்காகவா? அன்றைக்கு எங்களுக்குள் இது பெரிய சண்டையாகப் போனது. முடிவு வரவில்லை.

*

அன்றிரவு, கிட்டத்தட்ட ஒரு வருசம் பிந்தி, அந்தத் தம்பியின் நாலு பாட்டையும் முதலிலிருந்து போட்டோம். ஒருவரும் எழும்புவதில்லை, போன் பார்ப்பதில்லை என்று பேச்சு.

நாலாவது பாட்டில் கிற்றார் இல்லை.

அண்ணாவியாரின் குரல், மத்தளம், இடையில் ஒரு இருமல், பின்னால் தூரத்தில் ஒரு மோட்டச்சைக்கிள் போகிற சத்தம். அவ்வளவுதான். எங்கட விமர்சனத்தின் கடைசிப் பந்தியில் நாங்கள் எழுதியிருந்தது: "பெரியவரின் குரலை ஒருதரமேனும் தனியே கேட்க விட்டிருக்கலாம்."

கன நேரம் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை.

அந்த நாலாவது பாட்டுத்தான் நல்லது, மற்றதெல்லாம் இரைச்சல் என்று இப்போது எழுதினால் அதே பிழையைத் திரும்பச் செய்தவர்கள் ஆவோம். எங்களில் இரண்டு பேருக்கு நாலாவது பிடித்தது. மூன்று பேருக்கு மூன்றாவது, கிற்றாரும் மத்தளமும் ஒன்றையொன்று துரத்துகிற பாட்டு. ஒருத்திக்கு இரண்டாவது பாட்டு இப்போதும் பிடிக்கவில்லை, மெட்டு நிற்க முன்னம் கிற்றார் வந்துவிடுகிறது என்றாள். அதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள். அந்த வித்தியாசம்தான் எங்களிடம் போன வருசம் இல்லாமல் போனது.

தம்பிக்கு எழுதினோம். பழைய செய்திக்குப் பதில்: "இப்பத்தான் கேட்டம். அப்ப கேக்கேல்ல. கேக்காமல் எழுதினது பிழை." மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஒரு கேள்வியும் கேட்டோம். அம்மப்பாவுக்கு அந்தப் பாட்டுகள் பிடித்ததோ என்று. முதல் விமர்சனம் எழுதும்போது அவருக்காகத்தான் நாங்கள் கதைக்கிறோம் என்ற நினைப்பு எங்களுக்கு. அவரிடமோ தம்பியிடமோ ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

மூன்று நாள் பதில் இல்லை. பிறகு ஒரு குரல் பதிவு அனுப்பினான். அதை எழுதலாமோ என்று கேட்டு, ஓம் என்றபிறகுதான் இங்கே எழுதுகிறோம்.

"அவருக்குப் பிடிக்கேல்ல அண்ணா. கேட்ட நேரமெல்லாம் ஏசினவர், இதென்ன தகரத்தில அடிக்கிற சத்தம் எண்டு. ஆனா பாட வாங்கோ எண்டு கூப்பிட்டா ஒருநாளும் மாட்டன் எண்டு சொல்லேல்ல. வேட்டி மாத்திக்கொண்டு வந்து இருந்திடுவார்."

கோவம் போய்விட்டதா என்று நாங்கள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. திரும்பப் பாட்டுச் செய்வானா என்றும் தெரியாது. பழைய விமர்சனத்தை அழிக்கச் சொல்லுவான் என்று நினைத்தோம். "வேண்டாம், இருக்கட்டும். ஆனா கேக்காமல் எழுதினது எண்டு கீழ போடுங்கோ" என்றான். போட்டிருக்கிறோம்.

'இலெக்ட்ரிக் மட்'டைக் கேட்க நினைத்தால் நல்ல ஸ்பீக்கரில் கேளுங்கள், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி. முதல் நிமிசத்தில் வயரைத் தேடிப் போகாதீர்கள். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று தாராளமாய்ச் சொல்லுங்கள், மடி உங்கட பக்கம்தான். ஆனால் கடைசிப் பாட்டு முடிந்தபிறகு சொல்லுங்கள்.